எஃப்டிபி சர்வரில் ரூட் லாகின் ஆகவில்லை (530). அனுமதிக்கலாமா?

மூன்றாம்_ஷிஃப்ட்:

வணக்கம். லினக்ஸ் சர்வர் ஒன்றில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) மென்பொருள் ஓடுகிறது. சாதாரணப் பயனர்கள் எல்லோரும் உள்ளே போகிறார்கள், கோப்பு ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கை மட்டும் 530 (லாகின் மறுப்பு) என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. கடவுச்சொல் சரிதான், கான்சோலில் அதை வைத்துத்தான் நுழைகிறேன்.

எங்கள் குழுவில் சிலருக்கு எந்த ஃபோல்டரிலும் கோப்பை மாற்றும் வசதி தேவைப்படுகிறது. ஆளுக்கொரு ஃபோல்டராக அனுமதி கொடுத்து மாளவில்லை. ரூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒரே அடியில் முடிந்துவிடும் என்கிறார் மேலாளர். எந்தக் கோப்பில் எதை மாற்ற வேண்டும்? மாற்றினால் ஆபத்து ஏதும் உண்டா? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

கருந்திரை:

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். விஎஸ்எஃப்டிபிடியில் ரூட்டை மறிக்கும் இடங்கள் இரண்டு இருக்கலாம். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஏன் இன்னும் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்காகத் தேடுவார்கள்.

ஒன்று, எஃப்டிபியூசர்ஸ் என்ற கோப்பு. இதைப் பார்ப்பது பிஏஎம், அதாவது லினக்ஸின் லாகின் சரிபார்ப்புப் பகுதி. இதில் பெயர் இருந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. இன்னொன்று யூசர்_லிஸ்ட். இதை விஎஸ்எஃப்டிபிடி தானே பார்க்கிறது. ரெட்ஹேட் வகை லினக்ஸ் விநியோகங்களில் இரண்டுமே இருக்கும், இரண்டிலும் ரூட் பெயர் இருக்கும். டெபியன் வகையில் பொதுவாக எஃப்டிபியூசர்ஸ் மட்டும்தான்.

எது தடுக்கிறது என்பதைப் பிழைச் செய்தியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் யூசர்_லிஸ்ட். கடவுச்சொல் வாங்கிக்கொண்டு 'லாகின் இன்கரெக்ட்' என்றால் எஃப்டிபியூசர்ஸைப் பாருங்கள். யூசர்_லிஸ்ட் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது: எப்படியும் உள்ளே விடப் போவதில்லை என்றால், அந்தக் கடவுச்சொல் மறைப்பின்றி நெட்வொர்க்கில் போகவே வேண்டாம் என்பதுதான் எண்ணம்.

இரண்டு பட்டியலிலும் ரூட் வரியை எடுத்தால் உள்ளே விட்டுவிடும். இதை எழுதினாலும், நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று மற்றவர்களும் சொல்வார்கள்.

அடைவுக்காரி:

கருந்திரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தத் தடை விஎஸ்எஃப்டிபிடிக்கு மட்டும் உரியது இல்லை. ப்ரோஎஃப்டிபிடியில் 'ரூட்லாகின்' என்று தனியாகவே ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பில் அது அணைந்திருக்கும். ப்யூர்எஃப்டிபிடியில் குறைந்தபட்ச பயனர் எண் என்று ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே எண் உள்ள எவரும் நுழைய முடியாது. ரூட்டின் எண் 0, ஆக அது வாசலிலேயே நின்றுவிடும். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில், தனித்தனியாக எழுதிய மென்பொருள்கள் இவை. எல்லாரும் ஒரே கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

எஃப்டிபியின் முதல் வரைவு 1971இல் அபய் பூஷன் எழுதிய ஆர்எஃப்சி 114 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணம்). இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1985இல் வந்த ஆர்எஃப்சி 959. அந்த வடிவத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே எழுத்தாகப் போகும். நடுவில் பாக்கெட்டைப் பார்க்க முடிந்த எவருக்கும் ரூட் கடவுச்சொல் கிடைத்துவிடும். சாதாரணப் பயனர் கடவுச்சொல் போனால் ஒரு ஃபோல்டர் போகும். ரூட்டுடையது போனால் இயந்திரமே போய்விடும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

நன்றி, இருவருக்கும். யூசர்_லிஸ்ட்தான் தடுக்கிறது, செய்தி அப்படித்தான் வருகிறது. இன்னும் எதையும் மாற்றவில்லை.

ஆனால் எங்கள் சர்வரில் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் போட்டிருக்கிறோம், டிஎல்எஸ் இல்லாமல் உள்ளூர்க் கணக்குகள் நுழையவே முடியாது. வெளி இணையத்திலிருந்தும் யாரும் எட்ட முடியாது, உள் நெட்வொர்க் மட்டும்தான். அப்படியென்றால் கடவுச்சொல் திருட்டு என்ற காரணம் எங்களுக்குப் பொருந்தாதே? மேலாளரிடம் வேறு என்ன சொல்வது?

வேர்த்தடம்:

நியாயமான கேள்வி. டிஎல்எஸ் வழிப்பறியைத் தடுக்கும். அது ஒன்றைத்தான் தடுக்கும். மீதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கடவுச்சொல் எங்கே உறங்குகிறது என்று பாருங்கள். குழுவில் ஐந்து பேர் ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி கிளையன்ட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை ரூட் கடவுச்சொல்லைப் போட்டு சைட் மேனேஜரில் சேமித்துவிடுவார்கள், தினமும் யார் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்? மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காவிட்டால் ஃபைல்ஜில்லா அதை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் பேஸ்64 வடிவத்தில் எழுதி வைக்கிறது. பேஸ்64 பூட்டு ஆகாது, யாரும் ஒரு கட்டளையில் திருப்பிப் படித்துவிடலாம். இப்போது உங்கள் சர்வரின் ரூட் கடவுச்சொல் ஐந்து லேப்டாப்களில் இருக்கிறது. கடவுச்சொல் திருடும் மால்வேர்கள் முதலில் தேடும் கோப்புகளில் அதுவும் ஒன்று. உள் நெட்வொர்க் என்கிறீர்கள். அந்த லேப்டாப் உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது?

இரண்டாவது, லாக். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒரு கோப்பு காணாமல் போகிறது. லாகைத் திறந்தால் ரூட் அழித்தது என்று இருக்கிறது. ரூட் யார்? ஐந்து பேரும்தான். ஐபி முகவரியை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம், அதுவும் எல்லோரும் ஒரே விபிஎன் வழியாக வந்தால் போச்சு. ஆளைப் பிடித்துத் திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும், தவறே செய்யாதவர் மேல் சந்தேகம் விழாமலும் இருக்கும். பகிர்ந்த ரூட் கணக்கு குழுவுக்குள் நம்பிக்கையைத்தான் முதலில் கெடுக்கிறது. கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் பகிர்ந்த கணக்குகளை விதிவிலக்காக மட்டுமே அனுமதிப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, கோப்பின் உரிமை. ரூட்டாக ஏற்றிய ஒவ்வொரு கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். வெப் சர்வர் அந்தக் கோப்பில் எழுத முயன்று தோற்கும். ஒருவர் அவசரத்தில் 777 (யாரும் எழுதலாம்) போடுவார். அடுத்த வாரம் இன்னொருவர் ஃபோல்டர் முழுவதற்கும் 777 போடுவார். ஒரு சிக்கலைத் தீர்க்க ரூட்டைத் திறந்து, அதே சிக்கலைப் பத்து மடங்காக்கிக்கொண்ட சர்வர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கை நழுவுதல். வரைகலை கிளையன்ட்டில் ஒரு ஃபோல்டரை இழுக்கும்போது மவுஸ் நழுவினால் அது பக்கத்து ஃபோல்டருக்குள் போய்விடும். சாதாரணப் பயனராக இருந்தால் 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றுவிடும். ரூட்டாக இருந்தால் சர்வரின் அமைப்புக் கோப்புகள் உள்ள இடிசி ஃபோல்டர் சத்தமில்லாமல் இடம் மாறும். அங்கே குப்பைத் தொட்டியும் கிடையாது.

சரி, உங்கள் குழு உண்மையில் எந்தெந்தக் கோப்புகளைத் தொட வேண்டும்? 'எந்த ஃபோல்டரிலும்' என்பதை நம்ப மாட்டேன். பட்டியல் போடுங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களில் முடிந்துவிடும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

வேர்த்தடம் அண்ணா, உட்கார்ந்து பட்டியல் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி மூன்றில் முடிந்துவிட்டது.

ஒன்று, இணையதளக் கோப்புகள். வெப் சர்வரின் கணக்குக்குச் சொந்தமானவை, குழுவில் நாலு பேர் மாற்றுவார்கள். இரண்டு, வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்புகள், எப்போதாவது மாற்றுவோம். மூன்று, இரவில் வேறொரு இயந்திரம் வந்து எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துப் போக வேண்டும். அதற்கு எல்லாக் கோப்பையும் படிக்கும் உரிமை வேண்டும்.

அடைவுக்காரி:

முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன், இதற்கு ரூட் வாசனையே தேவையில்லை.

ஒரு குழு உருவாக்குங்கள், நாலு பேரையும் அதில் சேருங்கள். தளத்தின் ஃபோல்டரையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் அந்தக் குழுவுக்கு மாற்றி, குழுவுக்கு எழுதும் உரிமை கொடுங்கள். ஃபோல்டர்களுக்கு மட்டும் 2775 என்ற அனுமதி எண் போடுங்கள். முன்னால் இருக்கும் 2தான் செட்ஜிஐடி. அது இருந்தால் உள்ளே யார் புதிதாகக் கோப்பு உருவாக்கினாலும், அவருடைய சொந்தக் குழுவை விட்டுவிட்டு ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து உமாஸ்க், புதுக் கோப்பிலிருந்து எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் எண். பலர் இந்த இடத்தில்தான் சிக்குவார்கள். விஎஸ்எஃப்டிபிடியில் 'லோக்கல்_உமாஸ்க்' எதுவும் எழுதாவிட்டால் 077. அதாவது ஏற்றியவரைத் தவிர யாருமே படிக்க முடியாது. விநியோகத்தோடு வரும் அமைப்புக் கோப்பில் பெரும்பாலும் 022 போட்டிருப்பார்கள், அதில் குழு படிக்கலாம், எழுத முடியாது. உங்களுக்கு வேண்டியது 002.

இதோடு ஏசிஎல்லும் (ஆளுக்கும் குழுவுக்கும் தனித்தனியாக உரிமை எழுதும் பட்டியல்) வேண்டுமானால் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் இயல்புநிலை விதி வைக்கலாம். வெப் சர்வரின் கணக்குக்குப் படிக்கும் உரிமை, குழுவுக்கு எழுதும் உரிமை, இனி வரும் கோப்புகளுக்கும் அதே. ஃபோல்டர் ஆழமாகப் போகும் தளங்களுக்கு இது நல்ல வசதி.

கருந்திரை:

ஏசிஎல் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஃப்டிபியை விட்டு, எஸ்எஸ்எச் என்ற மறையாக்கிய இணைப்பில் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்குப் போனால், ஏசிஎல் சரியாக இருந்தும் குழுவால் எழுத முடியாத நிலை வரும். கெட்எஃப்ஏசிஎல் போட்டுப் பார்த்தால் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கும், பக்கத்தில் 'எஃபெக்டிவ்' என்று படிக்க மட்டும் காட்டும்.

காரணம் ஏசிஎல்லில் உரிமைகளுக்கு உச்சவரம்பு வைக்கும் மாஸ்க் என்ற வரி. கட்டளைவரி எஸ்எஃப்டிபியில் 'புட்' கொடுக்கும்போது, உங்கள் இயந்திரத்தில் அந்தக் கோப்புக்கு இருக்கும் அனுமதியையும் சேர்த்தே அனுப்புகிறது. அங்கே 644 (குழு படிக்க மட்டும்) என்றால் சர்வரில் உருவாகும் கோப்பின் ஏசிஎல் மாஸ்க் படிக்க மட்டும் என்று சுருங்கிவிடும். சர்வர் பக்கத்தில் உமாஸ்க்கை 002 என்று வைத்தாலும் பயனில்லை, உமாஸ்க் உரிமையைக் கழிக்குமே ஒழிய கூட்டாது. ஆகவே அனுப்பும் பக்கத்தில் 664 (குழுவும் எழுதலாம்) ஆக்கிவிட்டு அனுப்புங்கள், அல்லது கிளையன்ட்டில் ஏற்றிய பின் அனுமதியை அமைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் 'ஏசிஎல் வேலை செய்யவில்லை, ரூட்டே கொடு' என்று கேட்க ஆரம்பிப்பார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தக் கோரிக்கை வராது.

ஒற்றைவரி:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கமும் சொல்கிறேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்வது ஒரே ஆள். அவரிடம் ரூட் ஏற்கெனவே இருக்கிறது. அவர் எஸ்எஃப்டிபி வழியாக, கடவுச்சொல் இல்லாமல், கீ (சாவிக் கோப்பு) வைத்து ரூட்டாக நுழைகிறார். இதில் என்ன குறை? எஸ்எஸ்எச், எஸ்எஃப்டிபி மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் ஆட்கள் பாதுகாப்பில் கறாரானவர்கள். அவர்களே 2015இல் 7.0 பதிப்பில் ரூட் நுழைவைக் கட்டுப்படுத்தும் 'பெர்மிட்ரூட்லாகின்' அமைப்பின் இயல்புநிலையை 'ப்ரொகிபிட்-பாஸ்வேர்ட்' என்று மாற்றினார்களே தவிர, முழுசாக 'நோ' என்று வைக்கவில்லை. அதாவது கடவுச்சொல்லால் வராதே, கீயோடு வந்தால் வா என்பதுதான் அவர்கள் முடிவு.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் வழி என்ன? தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதி) கொடுப்பது. அந்தப் பயனரின் கீயைத் திருடுபவர் அடுத்த நொடியில் ரூட் ஆகிவிடுவார். ஒரு படி கூடியிருக்கிறது, பாதுகாப்பு கூடவில்லை.

வேர்த்தடம்:

ஒற்றைவரி சொல்வதில் உண்மை இருக்கிறது. கடவுச்சொல் கேட்காத, எல்லாக் கட்டளைக்கும் திறந்த சூடோ என்பது ரூட்தான். அதில் நமக்குள் சண்டை இல்லை.

நான் பிரிக்கும் கோடு வேறு. எஃப்டிபியில் கடவுச்சொல்லோடு ரூட் என்பதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். எஸ்எஃப்டிபியில் கீயோடு ரூட், ஒரே நிர்வாகி என்றால் அது அவருடைய முடிவு. ஆனால் மூன்றாம்_ஷிஃப்ட் கேட்டது ஒரே ஆளுக்கு இல்லையே, ஒரு குழுவுக்கு. ஆள் கூடினால் கணக்கு மாறிவிடுகிறது.

அப்படியும் ரூட்தான் என்று முடிவானால், ஆளுக்கொரு கீ கட்டாயம். ஒரே கீயை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொண்டால் பகிர்ந்த கடவுச்சொல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தனித்தனிக் கீ என்றால், லாகின் ஆகும்போது எந்தக் கீயின் கைரேகை வந்தது என்று ஓப்பன்எஸ்எஸ்எச் லாகில் எழுதும். டெபியனில் ஆத்.லாக், ரெட்ஹேட்டில் செக்யூர் என்ற கோப்பில் பாருங்கள். ஒருவர் குழுவை விட்டுப் போனால் அவருடைய வரியை மட்டும் நீக்கினால் போதும்.

உள்ளே வந்த பிறகு எந்தக் கோப்பைத் தொட்டார் என்பது இயல்பில் பதிவாகாது. அதற்கு 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' வரியில் லாக் அளவை 'இன்ஃபோ' என்று கூட்ட வேண்டும். அப்போது திறந்த, மூடிய, அழித்த கோப்புகளின் பெயர்கள் வரும். சிறிய மாற்றம்தான், இழையைப் படிக்கும் எல்லோரும் இன்றே செய்துவைக்கலாம்.

நடுநிசி_கான்சோல்:

இரண்டாவது தேவைக்கு, அதாவது என்ஜின்எக்ஸ் அமைப்புக்கு வருகிறேன்.

வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் கிளையன்ட்டில் ஒரு வழி உண்டு. எஸ்எஃப்டிபி சர்வர் என்ற இடத்தில் சூடோவோடு எஸ்எஃப்டிபி-சர்வர் நிரலின் பாதையைக் கொடுத்தால், சொந்தப் பெயரில் லாகின் ஆகி ரூட் உரிமையோடு கோப்புகளை மாற்றலாம். சூடோ கடவுச்சொல் கேட்க அங்கே இடம் இல்லை, ஆகவே அந்த ஒரு நிரலுக்குக் கடவுச்சொல் கேட்காத அனுமதி கொடுக்க வேண்டும். 'ஒரே ஒரு நிரலுக்குத்தானே' என்று தோன்றும். ஆனால் அந்த நிரலால் எந்தக் கோப்பையும் எழுத முடியும். சூடோ அனுமதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பையே எழுதிவிடலாம். ஆக முழு ரூட் கொடுத்ததாகத்தான் கணக்கு. கிடைக்கும் ஒரே லாபம், யார் என்ற பெயர் லாகில் விழும்.

நான் செய்யச் சொல்வது வேறு. அமைப்புக் கோப்பை அவரவர் வீட்டு ஃபோல்டருக்கு ஏற்றுங்கள். ரூட்டுக்குச் சொந்தமான, மற்றவர் எழுத முடியாத ஒரு சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள். அது பழையதை எடுத்துவைத்து, புதியதை இன்ஸ்டால் கட்டளையால் சரியான உரிமையோடு உரிய இடத்தில் போட்டு, என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை ஓட்டி, சரியாக இருந்தால் மட்டும் ரீலோட் செய்யட்டும். தோற்றால் பழையதைத் திரும்ப வைக்கட்டும். சூடோயர்ஸில் அந்த ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் அனுமதி. வைல்ட்கார்டு போடாதீர்கள், நட்சத்திரக் குறி வழியாகப் பாதையை வளைத்து வேறு கோப்பைத் தொட்டுவிடலாம்.

எழுத்துப்பிழையோடு ஒரு வரி போய் எல்லாத் தளங்களும் விழுவதும் இதில் தவிர்ந்துவிடும். ரூட் எஃப்டிபியில் யார் சோதித்துப் பார்த்துவிட்டு ஏற்றுவார்கள்?

புதுச்செருகி:

இடையில் ஒரு சந்தேகம். ரூட்டை உள்ளே விட்டுவிட்டு, அதை ஒரே ஃபோல்டருக்குள் சிஎச்ரூட் செய்து பூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வேர்த்தடம்:

இல்லை. சிஎச்ரூட் என்பது சாதாரண உரிமை உள்ளவர்களுக்கான வேலி. ரூட் உரிமையோடு ஒரு நிரலை உள்ளே ஓட்ட முடிந்தால் அதிலிருந்து வெளியே வரும் வழிகள் நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்தவை. கையில் சாவியை வைத்திருப்பவரை அறையில் பூட்டுவது போல அது. தவிர, ஒரே ஃபோல்டர்தான் தேவை என்றால் அதற்கு ரூட் எதற்கு?

சாதாரணப் பயனரைப் பூட்டுவதற்கு அது நல்ல கருவி. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் பூட்டும் ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு படியும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் எழுத முடியக் கூடாது. இல்லாவிட்டால் லாகின் ஆன உடனே இணைப்பு அறுந்துவிடும். எழுதுவதற்கு உள்ளே இன்னொரு ஃபோல்டர் உருவாக்கிக் கொடுங்கள். விஎஸ்எஃப்டிபிடியும் 2.3.5இலிருந்து, பூட்டும் ஃபோல்டரில் பயனர் எழுத முடியக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொண்டது, '500 ஊப்ஸ்' என்ற பிழை வருவது அதற்காகத்தான். 3.0இல் விதியைத் தளர்த்த ஓர் அமைப்பு சேர்த்தார்கள். தேடினால் முதலில் கிடைக்கும் விடை அதை இயக்கச் சொல்லும். உள்ஃபோல்டர் வழியே மேல்.

கருந்திரை:

மூன்றாவது, பேக்கப். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்பதால் இதற்கு ரூட் உரிமை தேவைதான். ஆனால் திறந்த லாகின் தேவையில்லை.

'பெர்மிட்ரூட்லாகின்' அமைப்பில் 'ஃபோர்ஸ்ட்-கமாண்ட்ஸ்-ஒன்லி' என்று ஒரு மதிப்பு உண்டு. கீயோடு கட்டளை கட்டப்பட்டிருந்தால் மட்டும் ரூட்டை விடும், வேறெதற்கும் விடாது. ஓப்பன்எஸ்எஸ்எச் கையேட்டில் இதற்கு உதாரணமாகச் சொல்லியிருப்பதே தொலைவிலிருந்து பேக்கப் எடுப்பதுதான். அனுமதித்த கீகள் இருக்கும் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் அந்தக் கீக்கு முன்னால் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்ட்டை 'படிக்க மட்டும்' என்ற தேர்வோடு கட்டுங்கள், அது கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் தொகுப்போடு வருவது. கூடவே 'ரெஸ்ட்ரிக்ட்' என்று போட்டால் போர்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாம் மூடிவிடும். 'ஃப்ரம்' போட்டுப் பேக்கப் இயந்திரத்தின் ஐபியையும் கட்டிவிடுங்கள்.

இப்போது அந்தக் கீ திருடு போனாலும் அதை வைத்து சர்வரில் எதையும் மாற்ற முடியாது. படிக்க முடியும், அதனால் ரகசியங்கள் வெளியே போகும் ஆபத்து மீதி இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுநிசி_கான்சோல்:

அதனால்தான் நான் திசையைத் திருப்பச் சொல்வேன். பேக்கப் இயந்திரம் வந்து இழுப்பதை விட, சர்வரே தள்ளட்டும். சர்வரில் க்ரான் (நேரம் வைத்துத் தானே ஓடும்) வேலை ரூட்டாக ஓடும், அதற்கு லாகின் எதுவும் வேண்டாம். பேக்கப் இயந்திரத்தில் அதற்கென்று ஒரு சாதாரணப் பயனர், சேர்க்க மட்டும் முடியும், அழிக்க முடியாது. போர்க் என்ற பேக்கப் மென்பொருளில் 'அப்பென்ட்-ஒன்லி' என்று அதற்கு வசதி உண்டு.

இழுக்கும் முறையில் பேக்கப் இயந்திரம் ஒன்றிடமே எல்லா சர்வர்களின் ரூட் கீயும் சேர்ந்துவிடும். தாக்க வருபவர் அந்த ஒன்றைப் பிடித்தால் போதும்.

ஒற்றைவரி:

இதில் நான் உடன்படவில்லை. தள்ளும் முறையில் சர்வர் கைப்பற்றப்பட்டால், பேக்கப் முகவரியும் நுழையும் கீயும் தாக்குபவர் கையில். சேர்க்க மட்டும் என்று கட்டாமல் விட்டவர்கள் பேக்கப்பையும் சேர்த்து இழப்பார்கள். இழுக்கும் முறையில், கருந்திரை சொன்ன கட்டுகளோடு, பேக்கப் இயந்திரத்தை வெளியே தெரியாமல் வைத்தால் அதுவே மேல். இரண்டுக்கும் இடம் உண்டு. எந்த இயந்திரம் அதிகம் வெளியே நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஜன்னலோரம்:

விண்டோஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம். விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் உள்ளவர் கீயோடு நுழைய முயன்றால் கீ ஏற்காது. அவர் தன் வீட்டு ஃபோல்டரில் கீயைச் சரியாகத்தான் வைத்திருப்பார். நிர்வாகிகளின் கீகளை சர்வர் அங்கே தேடுவதே இல்லை. புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆத்தரைஸ்டு_கீஸ்' என்ற கோப்பில்தான் தேடும். அந்தக் கோப்பில் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

இன்னொன்று, பிறவியிலேயே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. எத்தனை முறை தப்பான கடவுச்சொல் போட்டாலும் அது பூட்டிக்கொள்ளாமல் இருந்தது. 2022 அக்டோபர் புதுப்பிப்பில்தான் அதையும் பூட்டும் கொள்கை வந்தது. பழைய இயந்திரத்தில் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) எஃப்டிபி வைத்து அந்தக் கணக்கை உள்ளே விட்டிருந்தால், கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்க வெளியாளுக்கு எல்லையே இல்லை.

அடைவுக்காரி:

ஜன்னலோரம் சொன்னதும் ஞாபகம் வந்தது. சிலருக்கு 'நிர்வாகி லாகின்' என்றால் கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் நிர்வாகப் பலகை. அது வேறு விஷயம். ஃபைல்ஜில்லா சர்வரின் கணக்குகளை அதற்குள்ளேயே உருவாக்கலாம், இயங்குதளக் கணக்குகளோடு சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. அதன் நிர்வாகப் பலகை 14148 போர்ட்டில், இயல்பில் அந்த இயந்திரத்திலிருந்து மட்டும் எட்டும்படி இருக்கும். அப்படியே விடுங்கள்.

பெரிய பரிமாற்ற மென்பொருள்களில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு கோஎனிவேர் சாட்சி. 2023 தொடக்கத்தில் அதன் ஓட்டை வழியாகத் தாக்குதல்கள் நடந்தபோது, நிர்வாகப் பலகை இணையத்தில் திறந்திருந்த இடங்கள்தான் சிக்கின. 2024 ஜனவரியில் இன்னொரு ஓட்டை வெளியானது, அதன் பதிவு எண் சிவிஇ-2024-0204. லாகின் ஆகாமலே புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கிவிடலாம் என்பது அது. கோப்பு போகும் வாசல் வெளியே திறந்திருக்கலாம். நிர்வாக வாசல் விபிஎன்னுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தளக் கோப்புகளுக்குக் குழு, 2775, உமாஸ்க் 002 மூன்றும் செய்தாகிவிட்டது. நாலு பேரும் அவரவர் பெயரில் ஏற்றுகிறார்கள். பிறகு எஸ்எஃப்டிபிக்கு மாறிப் பார்த்தோம், கருந்திரை எச்சரித்த அதே மாஸ்க் விஷயம் ஒருவருக்கு வந்தது, 664 ஆக்கி அனுப்பியதும் சரியானது. என்ஜின்எக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேக்கப்பில் இழுக்கும் முறையே, ஆர்ஆர்சிங்க் கட்டி.

மேலாளரிடம் லாக் விஷயத்தைச் சொன்னேன். 'யார் அழித்தது என்று நாளைக்கு நீங்கள் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது' என்றதும் ஒப்புக்கொண்டார். மற்ற காரணங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு கவலை. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரூட்டை மூடும்போது நானே வெளியே மாட்டிக்கொண்டால்?

வேர்த்தடம்:

முதலில் உங்கள் சொந்தக் கணக்கில் கீ வழியாக நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு அமைப்பை மாற்றுங்கள். மாற்றியதும் எஸ்எஸ்எச்டியின் 'மைனஸ் டி' சோதனையை ஓட்டி எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்த டி சிறிய எழுத்து. பெரிய எழுத்தில் கொடுத்தால் உண்மையில் எந்த மதிப்புகள் அமலில் இருக்கும் என்று முழுவதையும் காட்டும். 'இன்க்ளூட்' வழியாக வேறு கோப்பு உங்கள் வரியை மீறுகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும், முதலில் வரும் மதிப்புதான் செல்லும்.

திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் சேவையை ரீலோட் செய்யுங்கள். வேறொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைந்தால் பழையதை மூடலாம். நுழையாவிட்டால் பழைய ஜன்னல் கையில் இருக்கிறது, திருப்பிவிடலாம். கான்சோல் வழி ரூட் எப்போதும் இருக்கும், 'பெர்மிட்ரூட்லாகின்' அதைத் தொடாது.

கருந்திரை:

எஃப்டிபியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதாக இருந்தால் கடைசியாக ஒன்று. யூசர்_லிஸ்ட்டில் ரூட் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 'யூசர்லிஸ்ட்_டினை' என்பதை 'நோ' ஆக்குங்கள். அந்த நொடியிலிருந்து அந்தப் பட்டியலின் பொருள் தலைகீழாகும்: அதில் பெயர் உள்ளவர் மட்டும் உள்ளே வரலாம். ஆகவே மாற்றும் முன் பட்டியலில் இருக்கும் ரூட் முதலான பழைய பெயர்கள் அனைத்தையும் அழித்து, உங்கள் நாலு பயனர்களை மட்டும் எழுதுங்கள். எஃப்டிபியூசர்ஸ் கோப்பைத் தொடாமல் அப்படியே விடுங்கள், அங்கே ரூட் இருக்கட்டும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

செய்துவிட்டேன். ரூட்டில் முயன்றால் கடவுச்சொல் கேட்காமலே 530 வருகிறது, நாலு பேரும் நுழைகிறார்கள். ரூட் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன், முன்பு யார் யார் லேப்டாப்பில் சேமித்திருந்தார்கள் என்று தெரியாது என்பதால்.